வண்டிக்கு ஒரு கணக்கு, ஓட்டினவருக்கு ஒரு கணக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற எந்த அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கிட்டாலும் மாதம் ஒரு தடவையாவது டிராஃபிக் ஃபைன் பற்றி ஒரு புலம்பல் வந்துவிடும். தொகை ஜாஸ்தி என்பது ஒரு வகைப் புலம்பல். அது எல்லாருக்கும் புரியும். எனக்கு சுவாரசியமாகப் பட்டது இன்னொரு வகை:

"பைக்கை வித்து மூணு வருஷம் ஆச்சு, மெசேஜ் மட்டும் எனக்கு ஏன் வருது?"

"ஓட்டினது மச்சான். ஃபைன் என் பேர்ல."

"நம்பர் என்னுது. போட்டோவுல இருக்கிற வண்டி என்னுது இல்ல."

இவை தனித்தனிப் பிரச்சினைகள் மாதிரி தெரியும். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. ஒன்று வண்டிக்கு, அதன் அடையாளம் நம்பர் பிளேட். இன்னொன்று ஓட்டுபவருக்கு, அதன் அடையாளம் லைசென்ஸ். இந்த இரண்டையும் இணைக்கும் வேலையை ஒரு நூற்றாண்டு காலம் சாலையோரத்தில் நின்ற ஒரு போலீஸ்காரர் செய்துகொண்டிருந்தார். இப்போது பல இடங்களில் அவர் இல்லை, அவர் இடத்தில் ஒரு கேமரா இருக்கு. கேமராவுக்கு முதல் புத்தகம் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

அந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

நம்பரும் இல்லை, லைசென்ஸும் இல்லை

வேகமாகப் போனதற்காக அபராதம் கட்டிய முதல் மோட்டார் ஓட்டுநர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வால்டர் ஆர்னால்ட் என்கிற ஆங்கிலேயர். 1896 ஜனவரி 28, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பேடக் வுட் என்ற ஊர். மணிக்கு 2 மைலுக்கு மேல் போகக் கூடாத இடத்தில் 8 மைலில் போனார். ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்கு அபராதம் 1 ஷில்லிங்.

இதில் கவனிக்க வேண்டியது சைக்கிள். அன்றைக்கு நம்பர் பிளேட்டும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. ஆளைக் கையோடு பிடித்தால்தான் வழக்கு. தப்பிச்சுப் போயிட்டா போனதுதான்.

பிரிட்டன் இதற்கு 1903-இல் ஒரு சட்டம் போட்டது. 1904 ஜனவரி 1 முதல் வண்டிக்கு நம்பர், ஓட்டுபவருக்கு லைசென்ஸ், இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த லைசென்ஸுக்குப் பரீட்சை எதுவும் இல்லை. 5 ஷில்லிங் கட்டினால் கையில் கொடுத்துவிடுவார்கள். ஓட்டத் தெரியுமா என்று சோதிப்பதை பிரிட்டன் கட்டாயமாக்கியது 1935-இல்தான். அதாவது லைசென்ஸ் பிறந்தபோது அது திறமைச் சான்றிதழ் இல்லை. "இந்த ஆள் யார்" என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான்.

மதராஸ் மாகாணத்துக்கு 1907-இல் தனி மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. மதராஸ் நகரத்து வண்டிகளுக்கு எம்.சி. என்று ஆரம்பிக்கும் எண்கள். எம்.சி. 1 என்ற எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குடைய காருக்கு. துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர், கணித மேதை ராமானுஜன் குமாஸ்தாவாக வேலை பார்த்தபோது அங்கே மேலதிகாரியாக இருந்தவர். பிறகு நாடு முழுமைக்கும் பொதுவாக 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டு, 1915 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

இரண்டு புத்தகம் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். அன்றைய காரை நினைத்துப் பாருங்கள். கார் வாங்குகிற வசதி இருந்தவர்கள் பலரும் ஓட்டுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள். சொத்து முதலாளியுடையது, ஸ்டியரிங் டிரைவர் கையில். யாரையாவது இடித்துவிட்டால் தண்டனை டிரைவருக்கு, நஷ்ட ஈடு கேட்க வேண்டியது முதலாளியிடம். அதனால் இரண்டு பதிவேடு. போலீஸ் கேட்டால் டிரைவர் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி. வண்டி நிற்காமல் போய்விட்டால், அன்றைக்கு யார் ஓட்டினார்கள் என்று முதலாளி சொல்ல வேண்டும் என்று இன்னொரு கடமை. அந்தக் கடமை இன்றைய சட்டத்திலும் 133-ஆவது பிரிவாக இருக்கிறது.

என் தொழில் மொழியில் சொன்னால், இரண்டு டேபிள் இருக்கு, நடுவில் இரண்டையும் இணைக்கிற கீ இல்லை. இணைப்பு ஒவ்வொரு தடவையும் நேரில், ஒரு மனிதர் மூலமாக நடக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் உள்ளே வந்தது

அடுத்த பெரிய சட்டம் 1939. இதன் பின்னணியில் ரயில்வே இருக்கிறது. 1930-களில் பஸ்ஸும் லாரியும் ரயிலின் வருமானத்தைச் சாப்பிடுகிறது என்று அரசு கவலைப்பட்டு, அதற்காகக் கமிட்டிகள் போட்டது. பர்மிட் முறை இந்தச் சட்டத்தில் விரிவாக வந்தது அதனால்தான். சட்டம் 1939 ஜூலை 1-இல் அமலானாலும், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் அத்தியாயம் மட்டும் ஏழு வருஷம் தள்ளி 1946 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. காப்பீடு வண்டியோடு ஒட்டியது, அதாவது முதல் புத்தகம். ஆனால் அதன் நிபந்தனை ஓட்டுபவரின் லைசென்ஸ், அதாவது இரண்டாவது புத்தகம். விபத்து நடந்தவுடன் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி, "ஓட்டினவருக்கு செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்துச்சா?" என்பதுதான். இல்லை என்றால் என்ன? 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. லைசென்ஸ் இல்லை என்பதை மட்டும் காட்டி, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் நிறுவனம் நழுவ முடியாது. ஆனால் வண்டிக்காரர் தெரிந்தோ அஜாக்கிரதையாலோ தகுதியில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபித்தால், கட்டிய தொகையை அவரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம்.

இதை நம்ம பக்கத்து வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் முழுக்க ஆயிரக்கணக்கான சின்ன வண்டிகளின் மேல் ஓடுகிறது. லோடு ஆட்டோ, மினி வேன், ஷேர் ஆட்டோ. முதலாளி ஒருத்தர், ஓட்டுபவர் இன்னொருத்தர், அவர் லீவு போட்டால் அவருடைய தம்பி. லைசென்ஸ் இருக்கு, ஆனால் பேட்ஜ் இல்லை என்பதை வைத்து எத்தனையோ காப்பீட்டு வழக்குகள் நாடு முழுக்க இழுத்தடித்தன. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு மேல் போகாத இலகுரக வாடகை வண்டியை ஓட்ட சாதாரண இலகுரக லைசென்ஸே போதும் என்றது. அதில் சந்தேகம் கிளப்பப்பட்டு, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதிப்படுத்தியது. ஒரு முத்திரை இருக்கா இல்லையா என்பதற்குப் பின்னால் லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு தொங்கிக்கொண்டிருந்தது.

100 ரூபாய் காலம்

இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் சட்டம் 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் அமலானது. அதில் 177-ஆவது பிரிவு: வேறு தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கு முதல் முறை 100 ரூபாய் வரை, அடுத்த முறை 300 வரை. 1989-இல் 100 ரூபாய் பெரிய காசு. சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் கூலிக்கு மேலே. ஆனால் முப்பது வருஷம் அதை யாரும் மாற்றவில்லை. 2010-களில் ஹெல்மெட் இல்லாமல் போனால் 100 ரூபாய் என்பது சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு.

சட்டத்தின் தொகை சிறுத்துப்போனதால் உண்மையான தண்டனை வேறு இடத்துக்கு நகர்ந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொல்வது, சாவியை எடுப்பது, ஆர்.சி. புக்கையும் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொள்வது, "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா" என்பது. அரை நாள் கூலி போகும். மாமூல் என்ற வார்த்தைக்கு வேலை வந்தது இந்த இடைவெளியில்தான். ரசீது போட்டால் 100, கோர்ட்டுக்குப் போனால் அரை நாள், பேசி முடித்தால் அதற்கும் கீழே. ஜனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் எல்லாரும் ஒரிஜினலை வீட்டில் வைத்துவிட்டு ஜெராக்ஸை எடுத்துப் போனார்கள். காகிதம் போனால் திரும்ப ஆர்.டி.ஓ. ஆபீஸ், பிரேக் இன்ஸ்பெக்டர், ஏஜென்ட் என்று அலைய வேண்டுமே.

2017 ஆகஸ்டில் தமிழ்நாடு காவல்துறை, செப்டம்பர் முதல் ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்கணும் என்று அறிவித்தபோது வந்த கொந்தளிப்பை இந்தப் பின்னணியில்தான் புரிஞ்சுக்கணும். லாரி உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அமல் சில நாட்கள் தள்ளிப் போனது. அரசுத் தரப்பில் ஒரு காரணமும் இருந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல், அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் போன்ற குற்றங்களுக்கு லைசென்ஸை மூன்று மாதமாவது நிறுத்தி வைக்கணும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. லைசென்ஸை நிறுத்தணும்னா அந்தக் காகிதம் கையில் சிக்கணும். ஜெராக்ஸைப் பறிமுதல் பண்ணி என்ன பிரயோஜனம்?

கடைசியாக, ஓட்டுபவரின் கணக்கு முழுக்க அவர் பாக்கெட்டில் இருந்த காகிதத்தில்தான் இருந்தது. 2017 சண்டை அதற்கான சண்டை.

காகிதம் செர்வருக்குப் போனது

அடுத்த ஐந்து வருஷத்தில் எல்லாம் வேகமாக மாறியது. 2018 மே மாதம் சென்னை போக்குவரத்துப் போலீஸ் ரொக்கம் வாங்காத அபராத முறைக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் இருக்கும் ஆவணங்களை ஏற்கணும் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. நவம்பரில் அதற்கேற்ப விதியே திருத்தப்பட்டது. ஒரிஜினலா ஜெராக்ஸா என்ற கேள்விக்கு ஒரு வருஷத்துக்குள் அர்த்தமே போய்விட்டது. வண்டிகள் 'வாகன்' என்ற தரவுத்தளத்தில், ஓட்டுநர்கள் 'சாரதி' என்ற தரவுத்தளத்தில். 1907-இல் பிரிந்த அதே இரண்டு புத்தகங்கள், இப்போது இரண்டு செர்வர்கள்.

2019-இல் சட்டத்திருத்தம். செப்டம்பர் 1 முதல் அபராதங்கள் நாடு முழுக்க உயர்ந்தன. தமிழ்நாடு உடனே அதைப் பின்பற்றவில்லை. 2022 அக்டோபரில்தான் இங்கே அரசாணை வந்தது. ஹெல்மெட் இல்லாமல் போனால் 100 என்பது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000.

அதே திருத்தத்தில் 136ஏ என்ற பிரிவு மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்தது. 2021 ஆகஸ்டில் வந்த மத்திய விதி அதற்கு நடைமுறை சொன்னது. கேமரா மூலம் வழக்குப் பதிந்தால் படத்தில் மீறலும் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும், நாள், நேரம், இடம் இருக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும்.

இப்போது ஹெல்மெட் விதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 194டி பிரிவு இரண்டு தண்டனை சொல்கிறது. 1,000 ரூபாய் அபராதம், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அபராதம் பணம், அதை வண்டி நம்பரை வைத்து யாரிடமும் கேட்டுவிடலாம். தகுதியிழப்பு ஓட்டினவருக்கு மட்டுமே பொருந்தும். கேமராவில் பதிவது பின்பக்க நம்பர் பிளேட்டும் ஒரு தலையின் பின்புறமும். ஓட்டினது யாரென்று அதற்குத் தெரியாது. அதனால் நடைமுறையில் முதல் தண்டனை ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மெசேஜாக வருகிறது. இரண்டாவது தண்டனை காற்றில் நிற்கிறது.

நிறுத்திக் கேட்ட போலீஸ்காரரிடம் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அவர் ஒரு விஷயத்தில் தப்பு பண்ண முடியாது: ஓட்டினது யார் என்று அவர் கண் எதிரே தெரியும். மாமூலை ஒழிக்க அவரை நீக்கினோம். கூடவே அந்த இணைப்பும் போய்விட்டது.

நம்ம பக்கத்து நாலு எல்லைக்கோடு

மேற்குப் புறநகரில் இந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலம். அம்பத்தூரை எடுத்துக்கோங்க. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. 2022 ஜனவரி 1 முதல் போலீஸ் மட்டும் ஆவடி ஆணையரகம். ஆர்.டி.ஓ. தனியாக டி.என். 13. பக்கத்து ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது, ஆனால் மாவட்டம் திருவள்ளூர். பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், போலீஸ் ஆவடி, வண்டி எண் டி.என். 12. இன்னும் டி.என். 20 என்று திருவள்ளூர் எண்ணோடு ஓடும் வண்டிகளும் இங்கே ஏராளம்.

பாடியைத் தாண்டி அண்ணா நகர் போனால் சென்னை போலீஸ். அதே காலையில் ஒருத்தர் இரண்டு ஆணையரகம் கடந்து வேலைக்குப் போகிறார். பணம் கட்டுவதற்கு இது பிரச்சினை இல்லை, இணையதளம் ஒன்றுதான். ஆனால் "இது என் வண்டி இல்லை" என்று மறுக்கணும்னா சலான் போட்ட இடத்தைத் தேடித்தான் போகணும். அது எந்த ஆணையரகம் என்று சலானிலேயே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, இங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். லைசென்ஸில் மதுரை முகவரி, ஆர்.சி.யில் பழைய வாடகை வீடு, பதிவான செல் நம்பர் எப்பவோ தொலைந்த சிம். செர்வர் ஒழுங்காகத்தான் நோட்டீஸ் அனுப்புகிறது. அது போய்ச் சேர்வது மூன்று வீட்டுக்கு முந்தைய வாசலுக்கு. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில் மட்டும்தான் வருகிறது. முகவரி சரியில்லை என்றால் அதுவும் கைக்கு வராது.

பெரிய ஆபத்து எங்கே இருக்கிறது

வித்த வண்டிக்கு 1,000 ரூபாய் சலான் வருவது எரிச்சல். ஆனால் அதே இடைவெளியில் இதைவிடப் பெரிய ஒன்று காத்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பதிவில் பெயர் உள்ளவர் 2007-இல் வண்டியை விற்றுவிட்டார். அது பல கை மாறியது. யாரும் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. 2009-இல் விபத்து. நஷ்ட ஈடு யார் தருவது? விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு கையாகத் தேடி அலைய விட முடியாது என்பது காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வித்தவருக்கு அது இடி.

"டிரான்ஸ்ஃபர் நான் பண்ணிக்கறேண்ணே" என்று சொல்லி வாங்கிப் போனவரை நம்பிய எத்தனை பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள்? கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை கன்சல்டிங்காரரிடம் கொடுத்துவிட்டு மறந்துபோவது நம்ம ஊரில் சர்வ சாதாரணம்.

அதனால் செய்ய வேண்டியது நாலு விஷயம்.

ஒன்று, விற்கும்போது படிவம் 29-ஐ நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்கணும் என்பது சட்டம். வாங்குபவருக்கு 30 நாள். அவர் செய்வார் என்று விட்டுவிட வேண்டாம். பெயர் மாறும் வரை பரிவாஹன் தளத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இரண்டு, வாகனிலும் சாரதியிலும் உங்கள் செல் நம்பரும் முகவரியும் இப்போதைக்கு உள்ளதுதானா என்று பாருங்கள். இரண்டும் தனித்தனி. ஒன்றில் மாற்றினால் இன்னொன்றில் தானாக மாறாது.

மூன்று, லைசென்ஸ் முடியும் தேதி. 2019-க்கு முன் இருந்த 30 நாள் சலுகைக் காலம் இப்போது இல்லை. முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் திரும்ப ஓட்டிக் காட்டணும், அந்த எட்டையும் போடணும். இடையில் விபத்து நடந்தால் மேலே சொன்ன காப்பீட்டுக் கேள்வி வரும்.

நான்கு, தப்பான சலான் வந்தால் கட்டித் தொலைப்போம் என்று விடாதீர்கள். படத்தை இறக்கி வைத்துக்கொண்டு, வண்டியின் நிறம், மாடல், நேரம் பார்த்து எழுத்தில் மறுப்பு கொடுங்கள். உங்கள் நம்பரை இன்னொருத்தர் ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்றால், நாளைக்கு அவர் செய்யும் விபத்துக்கும் முதலில் தேடி வரப்போவது உங்களைத்தான். அன்றைக்கு அந்த மறுப்புக் கடிதம் கை கொடுக்கும்.

வண்டியும் ஆளும் வேறு வேறு என்று 1907-இல் எழுதி வைத்தது அன்றைய கார் முதலாளிகளுக்காக. இன்றைக்கு ஒரு ஸ்கூட்டியை வீட்டில் நாலு பேர் ஓட்டுகிறோம், அஞ்சு வருஷத்தில் விற்றும் விடுகிறோம். ஓட்டினது யார் என்று நேரில் பார்த்துச் சொல்ல இனி சாலையில் ஆள் இருக்கப் போவதில்லை. அந்த இரண்டு புத்தகத்தையும் சரியாக வைத்துக்கொள்ளும் வேலை இப்போது நம்ம தலையில் விழுந்திருக்கிறது.